சீப்பின் கடைசிப் பல்

தேங்காய் எண்ணெய் பட்ட காகிதம் கொஞ்ச நாளில் ஒருவிதமாகச் சிக்கு மணக்கத் தொடங்கும். எங்கள் வில்லரே பகுதி நூலகத்தில் இருந்த ஒரு ஜப்பானியப் படக்கதைத் தொடரின் பதினொரு பாகங்களும் அப்படித்தான் மணந்தன. அதற்கு முழுக் காரணமும் நான்தான். காலையில் அம்மா என் தலையில் எண்ணெயை வழிய வழியத் தடவி, இழுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் புத்தகங்களின் மேல் கவிழ்ந்து கிடப்பேன். நூலகத்துப் பெண்மணி ஒருநாள் ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்த வயதில் எனக்கு எதற்கும் பயம்தான். பேருந்து இரண்டு நிமிடம் பிந்தினாலும், அம்மா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கதைத்தாலும், ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைப்பேன்.

கதை பிரெஞ்சில் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அவளிடம் ஒரு மரச் சீப்பு. அதால் தலையை வாரினால் கூந்தல் நிறம் மாறி, உடுப்பு மாறி, அவளுக்கு மாயச் சக்தி வந்துவிடும். போய்த் தன்னுடைய ஊரைக் காப்பாற்றுவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சீப்பில் ஒரு பல் உடையும். பற்கள் எல்லாம் தீர்ந்தால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள், செய்த சாகசமெல்லாம் அவளுக்கே மறந்துபோகும். பதினோராம் பாகம் முடியும்போது ஒரே ஒரு பல்தான் மிச்சம் இருந்தது. பன்னிரண்டாம் பாகத்தை யாரோ எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அந்த ஆள் யாரென்று தெரியாமலே நான் இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா அவளுக்குச் 'சீப்புக்காரி' என்று பெயர் வைத்திருந்தார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "என்ன, இண்டைக்கும் சீப்புக்காரியோ?" என்பார். பல் உடைகிற கதையை நான் கவலையோடு சொன்னால், "அதுக்கேன் அழுகிறாள்? டெப்பனரிலை புதுச் சீப்பு ஒண்டு வாங்கினால் சரிதானே" என்று எங்கள் தெருமுனைக் கடையைக் காட்டுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

என் கவலையைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நடேஜ். ஹெயிட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவள், ஆறாம் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி. ஒரு புத்தகத்தை இரண்டு தலைகள் சேர்ந்து வாசிப்போம். அவள் வேகமாக வாசித்து முடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எனக்குப் பயம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு அவளுக்குப் பயம் என்பதே இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் தெரியாத பதிலைக்கூட உரக்கச் சொல்லுவாள்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் அவள்தான் செய்தியைக் கொண்டுவந்தாள். கடைசிப் பாகத்தை ஜப்பானில் சித்திரப் படமாக எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுக் குரலோடு பக்கத்து நகரமான லவாலில் ஒரு திரையரங்குக்கு வருகிறது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலில் ஒரே ஒரு காட்சி. அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு போவார். இடம் பதிய வேண்டும், ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் பெரிய வழக்காடலாகப் போனது. "லவாலுக்கோ? மெத்ரோவிலையோ? அவையளோடையோ?" என்று அம்மா மூன்று கேள்விகளையும் மாறி மாறிக் கேட்டார். கடைசியில் அப்பாதான், "சின்னப்பிள்ளையளின்ரை படம்தானே, போட்டு வரட்டும், விடும்" என்றார். அம்மா இறங்கி வந்தார், ஆனால் ஒரு சொல்லை வைத்துவிட்டுத்தான் இறங்கினார். "இப்ப சின்னப்பிள்ளை எண்டபடியால் விடுறன். பெரிசானாப் பிறகு இந்தக் கதையெல்லாம் என்னட்டை வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

படத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை, உடற்பயிற்சி வகுப்பில் நான் பெரிசானேன்.

நடேஜ்தான் முதலில் கண்டாள். உடனே தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டி, கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அலுவலகத்துக்கு ஓடிப்போய்த் தேவையானதை வாங்கி வந்து கதவுக்குக் கீழால் நீட்டினாள். அவளுக்கு அக்கா இருந்தபடியால் எல்லாம் தெரிந்திருந்தது. நான் உள்ளேயிருந்து விம்மி விம்மி அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டாள். வலியில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

விளங்கப்படுத்துவது லேசாக இருக்கவில்லை. லவாலில் இருந்த என் மாமியின், அதாவது அப்பாவின் தங்கையின், மகளுக்கு முந்தைய வருடம் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். அம்மாவிடம் சொன்ன நிமிடத்திலிருந்து வீட்டுக்குள்ளேதான். ஒன்பது நாள் பள்ளிக்கூடம் இல்லை. ஆம்பிளைகள் முகத்தில் முழிக்கக்கூடாது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்க வேண்டும். மாமி முறையானவர் வந்து தலையில் 'தண்ணி வார்க்க' வேண்டும். சாமியறைப் பக்கம் போகக்கூடாது, அது 'துடக்கு', தீட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ட நாளையும் நேரத்தையும் குறித்துச் 'சாத்திரியாரிடம்' கொடுப்பார்கள். அவர் அதை வைத்து ஒரு சாதகம் எழுதுவார். பிற்காலத்தில் கல்யாணப் பொருத்தம் வரைக்கும் அந்தத் தாள் கூடவே வரும். இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நடேஜின் கண்கள் விரிந்துகொண்டே போயின. எங்கள் கதையில்கூட இவ்வளவு சட்டதிட்டம் இல்லை என்றாள்.

அங்கேயே முடிவெடுத்தோம். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் யாருக்கும் சொல்வதில்லை. படம் பார்த்துவிட்டு வந்து, அப்போதுதான் கண்டதுபோலச் சொல்லிவிடுவது. நடேஜ் சீப்பின் மேல் ஆணையிட்டாள்.

அந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் அம்மா தலை வாரும்போது, அவருடைய விரல்கள் என் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் தடவி அறிந்துவிடும் என்று கழுத்தை விறைத்துக்கொண்டு இருந்தேன். "என்ன பிள்ளை, கட்டை மாதிரி இருக்கிறாய்?" என்று தோளில் தட்டினார். மறைக்க வேண்டியதையெல்லாம் பையில் சுற்றிப் புத்தகப் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை, வீட்டுக் குப்பையை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று எழுந்தபோது அப்பா பத்திரிகையைக் கீழே இறக்கி, "இஞ்சேரும், பிள்ளைக்குப் புத்தி வந்திட்டுதப்பா" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பாராட்டு எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எல்லாவற்றிலும் மோசமானது வெள்ளிக்கிழமை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடையில் இருந்த ஒரு சுவர் அலுமாரியின் கதவைக் கழற்றிவிட்டு, அதைத்தான் சாமியறையாக வைத்திருந்தோம். வெள்ளி பின்னேரம் அங்கே விளக்குக் கொளுத்துவது என் வேலை. நான் குளிக்கப் போவதுபோலவும் பாடம் படிப்பதுபோலவும் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன். "என்ன மினைக்கெடுறாய்? நேரம் போகுது, கொளுத்தன்" என்று அம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டார். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை பற்றியது. இரண்டே நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நானே சொல்லிவிடுகிறேன் என்று பிள்ளையாரிடம் கெஞ்சினேன். அவர் வழக்கம்போலத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடேஜும் அவளுடைய அம்மாவும் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தவர். மெத்ரோ ரயிலில் ஏறியதும் தூங்கிவிட்டார், திரையரங்கிலும் விளக்கு அணைந்த கையோடு தூங்கிவிட்டார். அரங்கு முழுக்கப் பிள்ளைகள். பலர் அட்டையில் வெட்டிய சீப்புகளைக் கையில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக மட்டும் பார்த்த கூந்தல், திரையில் முதல்தடவையாக நீலமாகவும் பொன்னாகவும் அலையடித்து விரிந்தபோது எல்லோரும் ஒன்றாக "ஓ" என்றார்கள். நானும் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயம் மறந்துபோனது.

மற்ற நேரமெல்லாம் நான் படத்தைப் பார்த்ததைவிட என் இருக்கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கை வெளிர் நிறத் துணி. குளிர்ச் சட்டையை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் இருந்தேன். கதை முடிவை நோக்கிப் போனது. ஊரைச் சுற்றி வெள்ளம் ஏறுகிறது. அந்தப் பெண் கோபுர உச்சியில் ஏறி நின்று, ஒற்றைப் பல் மிஞ்சிய சீப்பைக் கையில் எடுக்கிறாள். தலையில் வைப்பாளா, மாட்டாளா? சரியாக அந்த நேரம்தான் எல்லாம் பிழையாகி, என் காற்சட்டை நனைந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து, குளிர்ச் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே ஓடினேன்.

கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஒரு கையால் கதவையும் மறுகையால் மற்றதையும் பார்க்க முடியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, வெளியே யாரோ வந்து முதுகைக் கொடுத்துக் கதவை மூடிப் பிடிப்பது தெரிந்தது. கீழே பார்த்தேன், நடேஜின் பனிச் சப்பாத்துகள்.

"நீ போ, முடியப் போகிறது" என்றேன். அவள் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இசை உயர்ந்துகொண்டு போனது. பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். அது சந்தோஷமா துக்கமா என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. நான் திரும்பத் திரும்பப் போகச் சொன்னேன். "ஸவா அலே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் விழுந்தவர்களுக்குச் சொல்லுகிற வார்த்தை அது. பிறகு என் காற்சட்டையின் நனைந்த இடத்தைக் கை உலர்த்தும் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த இரைச்சலில் மிச்ச இசையும் கேட்காமல் போனது.

திரும்பி வந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடேஜின் அம்மா விழித்து, நன்றாக இருந்தது என்று கைதட்டிக்கொண்டிருந்தார். வெளியே வருகிற பிள்ளைகள் முடிவைப் பற்றிக் கதைப்பது கேட்டுவிடாமல் இருக்க நாங்கள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டு மெத்ரோ வரைக்கும் ஓடினோம். ரயிலில் நடேஜ் ஒரு ஒப்பந்தம் போட்டாள். முடிவை ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்ப்பதில்லை, வாசிப்பதில்லை, கேட்பதில்லை. நான் தலையாட்டினேன்.

வீட்டு வாசலில் வைத்தே அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாளாக எந்தச் சொல்லில் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் அம்மா அடுத்ததாகக் கேட்டதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

"எங்கை வைச்சுக் கண்டனி? எத்தினை மணிக்கு?"

"படம் பாக்கேக்கை" என்றேன். "நாலே கால் இருக்கும்."

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார், பிறகு சுவர் நாட்காட்டியின் பின்பக்கத்தில் அந்த நேரத்தை எழுதினார். ஒரு மணித்தியாலத்துக்குள் மாமி முட்டையோடும் மஞ்சளோடும் வந்து இறங்கினார். தண்ணி வார்த்தார், அவருக்கு அம்மா ஒரு பட்டுச்சீலை கொடுத்தார். எல்லாம் முறையாக நடந்தது, நாளும் நேரமும் மட்டும்தான் பொய்.

ரொறன்ரோவிலிருந்த சாத்திரியார் மூன்றாம் நாள் தொலைபேசியில் பலன் சொன்னார். நேரம் அவ்வளவு நல்லதில்லையாம். தகப்பன் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டுமாம். ஒரு சாந்தி செய்ய வேண்டுமாம். நான் அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுச் சாந்திக்கு நாள் தேடி நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "போன இடம்தான் பிழை. ஆரோ பிள்ளையோடை, இருட்டுக்குள்ளை, என்ன கண் பட்டுதோ. நான் முதலே சொன்னனான். இனி அந்தப் பிள்ளையின்ரை சங்காத்தம் வேண்டாம்."

கண்டது வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் போதும், நடேஜ் தப்பியிருப்பாள். ஆனால் அந்தச் சொல்லோடு மூன்று நாள் பொய்யும் வெளியே வரும், துடக்கோடு கொளுத்திய விளக்கும் வெளியே வரும். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அப்பா பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது அம்மா நடேஜை நினைத்தார், நான் விளக்கை நினைத்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

நான் வீட்டுக்குள் இருந்த அந்த நாட்களில் ஒருநாள் நடேஜ் வீட்டுப்பாடங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா கதவைப் பாதி திறந்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சுகமில்லை என்ற ஒரே சொல்லைச் சொல்லி, தாள்களை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். படியில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் இறங்கிப் போவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கோடையில் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்தபோது அவளுக்கு அழைப்பு இல்லை. சொந்தக்காரர் மட்டும்தான் என்று அவளிடம் சொன்னேன். "கேக் இருந்ததா?" என்று கேட்டாள். மூன்று அடுக்குக் கேக் இருந்தது. இல்லை என்றேன்.

இலையுதிர் காலத்தில் இருவரும் வெவ்வேறு உயர்பள்ளிகளுக்குப் போனோம். அவளுடைய வீட்டார் முதலில் செயின்ட்-மிஷேல் பகுதிக்கு மாறினார்கள், பிறகு நகரைவிட்டே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. என்னை அவள் தேடினாளோ தெரியாது. தேடியிருந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட அவளுக்கு எப்படி மனம் வரும்?

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கிழமை, அம்மா அலுமாரியிலிருந்து அந்தச் சாதகத் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, பொருத்தம் பார்க்க அனுப்ப வேண்டும் என்றார். எனக்கு வயது முப்பதை நெருங்குகிறது, உத்தியோகம் பார்க்கிறேன், வாடகைக்குத் தனி வீடு எடுத்து இருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாளைக் கண்டதும் பன்னிரண்டு வயதில் இருந்த அதே பயம் வந்துவிட்டது.

"அம்மா, அந்த நேரம் பிழை" என்றேன்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. வியாழக்கிழமை, கம்பளிச் சட்டை, வெள்ளிக்கிழமை விளக்கு, உடைந்த தாழ்ப்பாள், படத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து கதவுக்கு முதுகு கொடுத்தவள், எல்லாவற்றையும் சொன்னேன். விளக்குக்குத்தான் ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அம்மா விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மூண்டு நாளும் ஒருத்தரும் இல்லாமல் இருந்தனியே, பிள்ளை?"

"நடேஜ் இருந்தவள் அம்மா."

அம்மா அந்தத் தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "அந்தப் பிள்ளையை நான் வாசல்லை வைச்சுக் கதவைச் சாத்தினனான்" என்றார். "குளிருக்குள்ளை வந்து நிண்டது. உள்ளுக்கு வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை." பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினார்.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சீலை எடுத்தார். "மாமிக்குக் குடுத்தனாங்கள்தானே. உண்மையிலை பாத்தது அவள். அவளுக்கெல்லோ முதல் குடுத்திருக்க வேணும்." நடேஜுக்குக் கட்டத் தெரியாதே என்றேன். "நான் கட்டிவிடுறன். நீ ஆளைப் பிடி" என்றார்.

ஆளைப் பிடிக்கத்தான் முடியவில்லை. அந்தப் பெயரிலும் குடும்பப் பெயரிலும் இணையத்தில் பலர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கு எழுதினேன். ஒருவர் மட்டும், தான் அவளில்லை என்று அன்பாகப் பதில் போட்டார். லவாலில் அந்தத் திரையரங்கு இப்போது இல்லை, அந்த இடத்தில் மேசை, கட்டில் விற்கும் தளபாடக் கடை இருக்கிறது. நாங்கள் படித்த காலத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கே என்று தெரியாது. படம் மட்டும் எங்கும் போகவில்லை. கைத்தொலைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் வந்துவிடும், எங்கள் நூலகத்திலும் பன்னிரண்டாம் பாகம் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார்கள். முதுகில் எண் பன்னிரண்டு என்று எழுதிய அந்தப் புத்தகத்தைத் தட்டில் காணும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுகிறேன்.

சீலை என் வீட்டு அலுமாரியில் கடைப் பையோடு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தொலைபேசியில், "ஆள் கிடைச்சுதோ?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். இத்தனை வருடத்தில் நடேஜ் அந்த முடிவை எங்கேயாவது பார்த்திருப்பாள், பார்த்திருக்கத்தான் வேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். பிறகு, ஒருவேளை பார்க்கவில்லையோ, நான் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் காத்திருந்தவள் இன்னும் எனக்காகக் காத்திருக்கிறாளோ என்று நினைப்பு வரும். அப்போதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.